புதுக் காரும் தவணைக் கணக்கும்

தோட்டத்துப் பிள்ளைகள் கார் வாங்கத் துடிப்பதைக் கண்டு நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். "லயத்து வாசலில் காடி நிற்கிறது, அடுப்பிலே பூனை தூங்குகிறது" என்று கேலியும் பேசுகின்றனர். கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன்.

காரணம் சொல்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் ஐயா இருந்தார், பள்ளிக்கூடம் இருந்தது, கடை இருந்தது. இன்று பல தோட்டங்களில் இவற்றில் ஒன்றும் இல்லை. பெரிய சாலைக்குப் போக ஐந்து கட்டை, ஆறு கட்டை செம்மண் பாதை. நடு இராத்திரியில் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் மோட்டார் சைக்கிளில் தாயையும் பிள்ளையையும் ஏற்றி மழையில் நனைந்து கொண்டா ஓடுவது? மகன் தொழிற்சாலையில் மூன்றாவது ஷிப்டு முடித்துத் திரும்ப எந்தப் பஸ் காத்திருக்கிறது? துரைமார் மட்டும் காரில் வந்த காலத்தில் அது அந்தஸ்து. இன்று நம்மவருக்கு அது கால். கால் வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஆகவே வாங்கலாமா கூடாதா என்பதல்ல நம் முன் உள்ள கேள்வி. எப்படி வாங்குவது என்பதே கேள்வி. இதில்தான் நம் தோழர்கள் ஏமாறுகின்றனர். காரின் நிறத்தைப் பார்க்க மூன்று கடை ஏறி இறங்குகிறவர், கடன் பத்திரத்தைப் பார்க்க மூன்று நிமிடம் செலவழிப்பதில்லை. "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். பல்லாண்டுகள் தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதியவன் என்ற முறையில், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் வரும் கடிதங்களை நான் அதிகம் படித்துக் காட்டியிருக்கிறேன். கிராணிமார் நாங்களும் இதில் கெட்டிக்காரர்கள் அல்லர். என் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கையில் முழுப் பணம் இல்லாதவன் காரில் ஏற மூன்று வழிகள் உண்டு. ஒன்று குத்தகை, அதாவது மாத வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. இரண்டாவது வாடகைக் கொள்முதல். மூன்றாவது, தனிக் கடன் வாங்கி அந்தப் பணத்தால் காரை ரொக்கத்துக்கு வாங்குவது. மூன்றையும் கடைக்காரன் ஒரே சிரிப்போடு விற்பான். மூன்றும் ஒன்றல்ல.

குத்தகையை விரைவில் முடித்துவிடலாம். முன்பணம் குறைவு; இன்சூரன்ஸ், சாலை வரி, பழுது பார்ப்பு எல்லாம் பெரும்பாலும் வாடகைக்குள் அடங்கும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வாடகை கட்டி முடித்த அன்று உன் கையில் ஒரு திருகாணிகூட மிஞ்சாது. இத்தனை மைல்தான் ஓட்டலாம், கீறல் விழுந்தால் இவ்வளவு, இடையில் திருப்பிக் கொடுத்தால் இவ்வளவு என்று நிபந்தனைகள் வேறு. கணக்குக்காக மாதம் 1,000 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டில் 36,000 வெள்ளி போய்விடும். வாசலில் கார் இராது. கம்பெனிக்காரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் கட்டும் வாடகையை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். பால் வெட்டுகிறவருக்கு அப்படி எந்தக் கழிவும் கிடையாது. ஆறு மாதம் வேறு ஊரில் வேலை, பிறகு திரும்பிவிடுவேன் என்கிறவனுக்கு வேண்டுமானால் அது உதவலாம். நம் குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்பது என் துணிந்த கருத்து.

இனி வாடகைக் கொள்முதல். நம்மில் பெரும்பாலோர் நுழையும் வாசல் இதுதான். நம் தாய் தந்தையர் தையல் இயந்திரத்தையும் சைக்கிளையும் ரேடியோவையும் தவணையில் வாங்கினார்களே, அதே ஏற்பாடுதான். அந்தக் காலத்தில் இரண்டு தவணை தவறினால் கடைக்காரன் ஆள் அனுப்பிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவான், கேட்பார் இல்லை. 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் வந்த பிறகுதான், 1968 ஏப்ரல் முதல், வாங்குகிறவனுக்கும் சில உரிமைகள் எழுத்தில் கிடைத்தன. அந்தச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நம்மைக் காக்கிறது. நாம்தான் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் பெயரையே கவனிக்க வேண்டும். வாடகை முன்னே நிற்கிறது, கொள்முதல் பின்னே நிற்கிறது. கடைசித் தவணை கட்டும் வரை நீ வாடகைக்காரன். பதிவுச் சான்றில் உன் பெயர் இருக்கும். ஆனால் உரிமை கோருபவர் என்று வங்கியின் பெயரும் உடன் நிற்கும். அந்தப் பெயர் நீங்கும் வரை விற்க முடியாது, மாற்றிக் கொடுக்க முடியாது. கார் விபத்தில் முற்றிலும் அழிந்து போனால் இன்சூரன்ஸ் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். மிச்சம் இருந்தால் உனக்கு. இஸ்லாமிய முறையில் கொடுக்கும் வங்கிகள் இதையே வெளிப்படையாக இரண்டு கட்டமாக எழுதுகின்றன. முதலில் குத்தகை, கடைசியில் விற்பனை. அதில் வட்டி என்ற சொல் இராது, இலாப விகிதம் என்று இருக்கும். எந்த மதத்தவரும் எடுக்கலாம். ஆனால் சொல் மாறியதால் தொகை குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாமல், இரண்டின் மொத்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வட்டிக்கு வருவோம். தோழர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரின் ரொக்க விலை 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி நூற்றுக்குப் பத்தாவது முன்பணம் கட்ட வேண்டும், அது 4,000. கடன் 36,000. "வட்டி நூற்றுக்கு மூன்றரைதான், ஒன்பது ஆண்டு" என்கிறார் விற்பனையாளர். நம்மவர் மகிழ்கிறார். வட்டிக்கடைக்காரன் மாதத்துக்கே அவ்வளவு கேட்பானே!

இந்த மூன்றரை, நீ இன்னும் திருப்பித் தராத மிச்சத் தொகைக்குப் போடும் வட்டியன்று. முதல் நாள் வாங்கிய 36,000-க்கு, ஒன்பது ஆண்டும், குறையாமல் போடும் வட்டி. எட்டாவது ஆண்டில் நீ தர வேண்டியது சில ஆயிரம்தான் என்றாலும் அப்போதும் 36,000-க்கே கணக்கு. இதைச் சமவட்டி என்பர். ஆண்டுக்கு 1,260 வீதம் ஒன்பது ஆண்டுக்கு 11,340 வெள்ளி. கடனோடு சேர்த்தால் 47,340. அதை 108 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 438 வெள்ளி சொச்சம். குறையும் மிச்சத்துக்கு வட்டி போட்டால் எந்த விகிதத்தில் இதே 438 வரும் என்று கணக்குப் பார்த்தேன். நூற்றுக்கு ஏறத்தாழ 6.3. இதுதான் உண்மை விகிதம். மூன்றரை என்று சொல்லப்பட்டது வாசலில் தொங்கும் பலகை.

அதே கடனை ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் 705 வெள்ளி. வட்டி மொத்தம் 6,300. ஒன்பது ஆண்டு இழுத்ததற்காக மட்டும் 5,040 வெள்ளி அதிகம் கொடுக்கிறோம். குறைந்த சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025-இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், அதிகம் கொடுக்கும் தொகை நம் தொழிலாளி ஒருவரின் மூன்று மாத உழைப்புக்குச் சமம். விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, கொசுக்கடியில் மரம் மரமாகச் சீவிய மூன்று மாதம்!

"ஐயா, மாதம் 705-க்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1,700-இல் ஈ.பி.எப். நூற்றுக்குப் பதினொன்று, 187 வெள்ளி போய்விடும். சொக்சோவும் போக, கைக்கு வருவது சுமார் 1,500. அதில் 705 கட்டினால் பாதி போயிற்று. பெட்ரோலும் இன்சூரன்சும் டயரும் இன்னும் கணக்கில் சேரவில்லை. அப்படியானால் இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? ஒன்பது ஆண்டுக்கு இழு என்று சொல்லவில்லை. 40,000 வெள்ளிக் கார் உன் சம்பளத்துக்கு உரியதன்று என்று சொல்கிறது. தவணைக் காலத்தை நீட்டுவது காரை மலிவாக்குவதில்லை. மலிவாகத் தோன்றச் செய்கிறது. ஒருவர் சம்பளத்தில் எடுக்கும் காருக்கும், கணவன் மனைவி இருவரும் மகனும் உழைக்கும் வீட்டில் எடுக்கும் காருக்கும் வேறுபாடு உண்டு. இலையுதிர் காலத்தில் பால் குறையும், வருடக் கடைசி மழையில் பிரட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் உண்டு. நல்ல மாதத்துச் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் கடன் கிடைக்கிறது. கட்ட வேண்டியதோ கெட்ட மாதத்திலும்.

என் கதைக்கு வருகிறேன். கஞ்சில் கார் 1994-இல் வந்ததல்லவா, அதற்குச் சில ஆண்டு கழித்து நானும் ஒன்று எடுத்தேன். ஏழு ஆண்டுத் தவணை. சரியாக மூன்றரை ஆண்டு கட்டிய பின், மனைவி சேர்ந்திருந்த கூட்டுப் பணம் கைக்கு வந்தது. கடனை அடைத்துவிடலாம் என்று புறப்பட்டேன். பாதிக் காலம் முடிந்தது, ஆகவே பாதி வட்டி கழியும் என்பது நான் போட்ட கணக்கு. சம்பளக் கணக்கு எழுதுகிறவனல்லவா, சந்தேகமே இல்லை! கவுண்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன தொகையைக் கேட்டு, "தப்பு இருக்கிறது, மறுபடியும் பாருங்கள்" என்றேன். அவர் மூன்று முறை பார்த்தார். கழிந்தது கால் பங்கு வட்டிதான். தப்பு என் தலையில் இருந்தது. வெட்கத்தோடு வெளியே வந்து, கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒப்பந்தத்தை அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

அதற்கு 78-ஆம் விதி என்று பெயர். விசித்திரமான பெயர், விளக்கம் எளிது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களைக் கூட்டினால் 78 வரும். ஓராண்டுக் கடனில் முதல் மாதம் மொத்த வட்டியில் 78-இல் 12 பங்கை எடுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் 11 பங்கு. இப்படியே இறங்கிக் கடைசி மாதம் ஒரே பங்கு. ஒன்பது ஆண்டுக் கடனுக்கு எண்கள் 108 வரை போகும், முறை அதேதான். முதலில் அதிகக் கடன் நிற்பதால் முதலில் அதிக வட்டி என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இந்த விதி அந்த நியாயத்தையும் தாண்டிச் சற்று அதிகமாகவே முன்கூட்டி எடுத்துக்கொள்கிறது. நாம் மேலே போட்ட 36,000 வெள்ளிக் கடனில் மூன்று ஆண்டு கட்டிவிட்டு அடைக்கப் போனால், கட்டியது 15,780. அதில் வட்டிக்குப் போனது 6,277. கடன் குறைந்தது 9,503 மட்டும். இன்னும் 26,497 கொடுத்தால்தான் விடுதலை. குறையும் மிச்சத்துக்கு வட்டி என்ற முறையாக இருந்தால் ஏறக்குறைய 300 வெள்ளி குறைவாகக் கொடுத்திருப்போம். அந்த 300 பெரிதல்ல. மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டியும் கடன் மலை போல் நிற்கிறதே, அதுதான் பெரிது. அந்த நேரத்தில் காரை விற்றால் 26,497 கிடைக்குமா? கிடைக்காவிட்டால் காரும் போய்க் கடனும் மிஞ்சும்.

சமவட்டியையும் 78-ஆம் விதியையும் கைவிட்டு, குறையும் முதலுக்கு வட்டி போடும் முறைக்கு மாற்றுவதற்காக 2025-இல் அரசாங்கமே சட்டத் திருத்தத்தில் இறங்கியது. வரவேற்க வேண்டிய காரியம். இனிமேல் கையெழுத்திடுகிறவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் கட்டிக்கொண்டிருப்பவர்கள், அடைக்கப் போகும் முன் வங்கியில் எழுத்து மூலம் தொகை கேட்டு வாங்க வேண்டும். என்னைப் போல் மனக்கணக்கோடு போகாதீர்கள்.

முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்றுக்குப் பத்து என்பது சட்டம் வைத்த அடிப்படை; அதற்கு மேல் கட்டக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. நம்மவர் தலைகீழாக நடக்கின்றனர். "முன்பணமே வேண்டாம், முழுக் கடன் எடுத்துத் தருகிறேன்" என்கிற தரகரிடம் ஓடுகின்றனர். அவர் செய்வது என்ன? காரின் விலையைத் தாளில் ஏற்றி எழுதி, அந்த ஏற்றிய விலைக்குக் கடன் வாங்குகிறார். முன்பணம் கட்டியதாகத் தாள் சொல்லும். உண்மையில் அந்தப் பணத்துக்கும் சேர்த்து ஒன்பது ஆண்டு வட்டி கட்டப் போவது நீ. வேறு சிலர் முன்பணத்தை ஆலோங்கிடம் வாங்குகின்றனர். இதைவிட ஆகாத காரியம் ஒன்று இல்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரனே ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆலோங்குக்குச் சட்டம் கிடையாது. சிவப்புச் சாயம்தான் உண்டு. ஈ.பி.எப்.பில் 2024 மே முதல் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்து முன்பணம் கட்டுவதும் பரவி வருகிறது. அது உன் சொந்தப் பணம், குற்றமில்லை. ஆனால் கிழவயதுக் கஞ்சியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துவிட்டாய் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். இரண்டு வருடம் கூட்டுக் கட்டிச் சேர்த்து, எட்டாயிரம் பத்தாயிரம் முன்பணத்தோடு போகிற குடும்பத்தைக் கண்டால் விற்பனையாளர் முகம் சற்றே வாடும். அந்த வாட்டமே நமக்கு நல்ல அறிகுறி. கார் பதிவு செய்து வைப்பதற்கென்று வாங்கும் தொகையும் விலையில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது. 40,000 வெள்ளிக் காருக்கு 400. அதற்கு மேல் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

தனிக் கடன் எப்போது பொருந்தும்? பழைய கார், பத்துப் பன்னிரண்டாயிரம் வெள்ளிக்குக் கிடைக்கிறது, வண்டிக்கு வயதாகிவிட்டதால் வங்கி வாடகைக் கொள்முதலுக்கு இசையவில்லை என்றால் பொருந்தும். 12,000 வெள்ளி, சமவட்டி நூற்றுக்கு 6, ஐந்து ஆண்டு என்று வையுங்கள். வட்டி 3,600, மாதம் 260. உண்மை விகிதம் நூற்றுக்கு 10.8 வரை போய்விடும். வாடகைக் கொள்முதலைவிட விலை கூடியதுதான். ஆனால் கார் முதல் நாளிலிருந்தே உனக்குச் சொந்தம். கஷ்டம் வந்தால் விற்று மிச்சக் கடனைக் குறைக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. கார் எரிந்தாலும் ஓடாவிட்டாலும் கடன் நிற்கும். வாடகைக் கொள்முதல் சட்டத்தின் பாதுகாப்பு ஒன்றும் இந்தக் கடனுக்குக் கிடையாது. புதுக் காருக்கு இந்த வழி வேண்டாம். பழைய காரானால், வண்டியின் எஞ்சினைப் பார்க்க நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போகாமல் இந்த வழியும் வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, அங்கே குறைந்த வட்டியில் கிடைக்குமானால் முதலில் அங்கே கேட்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் செய்யும் கடனானால், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 1955-ஆம் ஆண்டின் தொழில் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நூலிழையில் அந்த வரம்பில் நிற்கும் சம்பளச் சீட்டுகளை நான் எழுதியிருக்கிறேன். அந்த வீடுகளில் பண்டிகை வருவதில்லை.

தவணை கட்ட முடியாமல் போனவர் என்ன செய்கிறார்? இங்கேதான் பெரிய கேடு. "சம்பூங் பாயார்" என்று மலாய்ச் சொல்லால் நம்மவரும் அழைக்கும் ஏற்பாடு. காரை இன்னொருவர் கையில் கொடுப்பது. அவர் மிச்சத் தவணையைக் கட்டிக்கொள்வார் என்பது பேச்சு. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இப்படிச் செய்தார். லோரியில் வேலை, கால் முறிந்து எட்டு மாதம் படுத்துவிட்டார். சிநேகிதனுக்குச் சிநேகிதன் ஒருவன், பட்டணத்துக்காரன், இரண்டாயிரம் வெள்ளி கையில் கொடுத்துவிட்டுக் காரை ஓட்டிப் போனான். நான்கு மாதம் கட்டினான். பிறகு டெலிபோன் அடைபட்டது. முதலில் வந்தவை சாலைக் குற்றத்துக்கான சம்மன்கள், எல்லாம் இவர் பெயரில். பின்பு வங்கிக் கடிதம். கடைசியில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட தகப்பனாருக்கும் ஒரு கடிதம். அந்தப் பெரியவர் படிக்கத் தெரியாமல் அதை மூன்று வாரம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கடிதம் என் கைக்கு வந்தபோது அதில் விபூதி ஒட்டியிருந்தது.

வங்கியின் சம்மதமில்லாமல் வாடகைக் கொள்முதல் காரை இப்படிக் கைமாற்றுவது வெறும் அசட்டுத்தனம் மட்டுமன்று. ஏய்க்கும் எண்ணத்தோடு செய்தால் சட்டப்படி குற்றமும் ஆகும். ஓடிப்போனவன் மேல் வங்கிக்கு ஒரு பிடியும் இல்லை. பிடி உன் மேல்தான். இதைச் செய்வதைவிட, முறிந்த காலோடு நொண்டிக்கொண்டே வங்கிக்குப் போய் "என்னால் கட்ட முடியவில்லை" என்று சொல்லியிருந்தால் அவர் நிலை எவ்வளவோ மேல். தவணையை மாற்றியமைத்துக் கேட்கலாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிலையம், ஏ.கே.பி.கே. என்பார்கள், இலவசமாக இதற்கு உதவுகிறது. பணம் வாங்கிக்கொண்டு "கடனைத் தீர்த்துத் தருகிறேன்" என்கிறவர்களிடம் போகாமல் நேரே அங்கே போக வேண்டும்.

கார் பறிமுதலைப் பற்றியும் நம்மவருக்குத் தெளிவில்லை. ஒரு மாதம் தவறியதும் பயந்து காரைக் காட்டுக்குள் ஒளிக்கிறவரும் உண்டு. ஆறு மாதம் கட்டாமல் தைரியமாகச் சுற்றுகிறவரும் உண்டு. சட்டம் சொல்வது இதுதான். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறிய பின்னரே, அல்லது கடைசித் தவணை தவறினால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். இடையில் நினைவூட்டலும் வர வேண்டும். அந்த நாட்களுக்குள் பாக்கியைக் கட்டினால் காரைத் தொட முடியாது. முடியாதென்று தெரிந்தால், அந்தக் கெடுவுக்குள் நீயே கொண்டு போய் ஒப்படைத்துவிட்டால் பறிமுதல் செலவு உன் தலையில் ஏறாது. காரின் மொத்த ரொக்க விலையில் நூற்றுக்கு 75-க்கு மேல் கட்டிவிட்டவரிடமிருந்து கோர்ட்டு உத்தரவில்லாமல் பறிக்கவே கூடாது. இது 2010-இல் செய்த திருத்தம், 2011 முதல் நடப்பில் உள்ளது. காரை இழுக்க வரும் ஆளிடம் அதற்குரிய பெர்மிட் இருக்க வேண்டும். பெர்மிட்டைக் காட்டு என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. சண்டை போட உரிமை இல்லை. எடுத்துப் போன பிறகும் உடனே விற்றுவிட முடியாது. மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் 21 நாள் அவகாசம். ஆனால் விற்ற தொகை கடனுக்குப் போதாவிட்டால், குறையை உன்னிடமே கேட்பார்கள். "காரைத்தான் எடுத்துக்கொண்டார்களே, கடன் தீர்ந்தது" என்று நினைத்துக் கடிதங்களைக் கிழித்தவர்கள் பலர், பின்னாளில் திவால் பட்டியலில் தம் பெயரைக் கண்டனர். இந்த நாட்டில் திவாலானவர்களுக்கு வாகனக் கடன் பெரிய காரணங்களில் ஒன்றாக இருந்து வந்திருக்கிறது.

ஜாமீன் போட்ட தகப்பன்மார்களுக்கு ஓர் ஆறுதல் செய்தி. சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடனுக்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கக் கூடாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் எத்தனை பெரியவர்கள், தாம் ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்காத காருக்காகத் திவாலானார்கள்! திவால் நீங்கியது; கடன் நீங்கவில்லை. கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் ஜாமீன்காரரிடம் கேட்கும் உரிமை வங்கிக்கு இன்னும் இருக்கிறது. மகன் கேட்கிறான் என்று கையெழுத்துப் போடும் முன், மகனுடைய சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஒப்பந்தம் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகிறது. எழுதி நிரப்பாத வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வாங்குவது சட்டத்துக்கு விரோதம். கையெழுத்தான 14 நாளுக்குள் ஒரு பிரதி உன் கைக்கு வர வேண்டும். ஆனால் நடப்பது என்ன? சனிக்கிழமை மத்தியானம், சம்பளம் வாங்கிய கையோடு, கடையில் ஏர்கண்டிஷன் குளிரில், பிள்ளைகள் புதுக் காரின் சீட்டில் ஏறிக் குதிக்கும் சத்தத்தில், "இங்கே ஒன்று, இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று விரல் காட்டிய இடமெல்லாம் கையெழுத்து. இந்த இடத்தில்தான் சங்கம் தலையிட வேண்டும் என்பது என் கோரிக்கை. கூலி ஒப்பந்தத்தில் ஒரு காசுக்காக வருடக்கணக்கில் வாதாடுகிறோம். அப்படி வாதாடி வாங்கியதை ஒரு மத்தியானக் கையெழுத்தில் ஒன்பது ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு கிளையிலும் கணக்குத் தெரிந்த ஒருவர், கிராணியோ ஆசிரியரோ, மாதம் ஒரு நாள் மாலை உட்கார்ந்து இத்தகைய பத்திரங்களைத் தமிழில் படித்துச் சொன்னால் போதும். செலவு ஒரு கோப்பிக் கோப்பை. முதலாளிமாரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பள்ளிக்கும் கிளினிக்குக்கும் தோட்டத்திலிருந்து ஒழுங்கான வண்டி விட்டால், நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கடனே தேவைப்படாது. கார் வாங்கியது ஊதாரித்தனம் என்று நம்மை ஏசுகிறவர்கள் இந்தக் கோரிக்கையிலும் நம்மோடு நிற்கட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், சென்ற வருடம் என்னிடம் வந்தான். கையில் 45,000 வெள்ளிக் காரின் படம், ஒன்பது ஆண்டு. திண்ணையில் உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டோம். அவன் அம்மா இன்னும் வேலைக்காட்டுக்குப் போகிறவர், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எவ்வளவுய்யா வட்டி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். பையன் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். நான்கு மாதம் கழித்து, சின்னக் கார் ஒன்று, கியர் போட்டு ஓட்டுகிற மலிவு ரகம், முன்பணம் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து ஆண்டுத் தவணை என்று எடுத்து வந்தான். ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டியிருக்கிறது என்று அவன் சிநேகிதர்கள் கிண்டல் செய்கின்றனர். போன வாரம் அவன் அம்மாவை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஏற்றிப் போனான். திரும்பி வரும்போது மழை.